ஆரஞ்சு காரை வெள்ளையாக்கி விற்கலாமா?

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். தனியார் பள்ளி ஆசிரியை. கணவருக்கு வெளியூரில் வேலை, வார இறுதியில்தான் வீட்டுக்கு வருவார். 2018-ல் வாங்கிய ஆரஞ்சு நிற மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் வாசகியின் பெயரில் இருக்கிறது. ஒரே ஓனர், 52,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக அதை விற்கப் பார்க்கிறார்கள். வேளச்சேரி பக்கம் ஒரு பழைய கார் கடையில் 4,10,000 ரூபாய்க்குக் கேட்டார்கள். அதே கடையில் அதே வருஷத்து வெள்ளை ஸ்விஃப்ட் ஒன்று, கண்ணாடியில் 4,85,000 என்று எழுதி நின்றிருக்கிறது. ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டதற்கு, "கலர்தாம்மா பிரச்சினை, ஆரஞ்சை யாரும் எடுக்க மாட்டாங்க" என்று பதில் வந்ததாம்.

வாசகியின் தம்பிக்கு ஒரு யோசனை. தெரிந்த பட்டறையில் 38,000 ரூபாய்க்கு முழு வண்டியையும் வெள்ளையாக்கித் தருகிறார்களாம். எழுபத்தைந்தாயிரம் கூடுதலாகக் கிடைத்தால் பாதி மிச்சம், ஆர்சியில் நிறத்தை எல்லாம் யார் பார்க்கிறார்கள் என்கிறார். மகளோ அதற்கு நேர் எதிராக, மஞ்சளும் ஆரஞ்சும்தான் மதிப்புக் குறையாத நிறங்கள் என்று ஓர் அமெரிக்க ஆய்வைக் காட்டுகிறாள். யார் சொல்வது சரி, பெயின்ட் அடிக்கலாமா, அடுத்து வாங்கும் காரை என்ன நிறத்தில் வாங்குவது என்பவை கேள்விகள். இடையில் இரண்டு தகவல்கள் போகிற போக்கில் வருகின்றன. 2021-ல் ஒரு வண்டி உரசியதில் இடது பக்கக் கதவுகள் இரண்டையும் தெருமுனைப் பட்டறையில் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். 2023 டிசம்பர் மழையில் காருக்குள் கொஞ்சம் தண்ணீர் வந்திருக்கிறது. காய வைத்து ஓட்டிவிட்டார்கள், இன்சூரன்ஸ் எதுவும் கேட்கவில்லை.

சகோதரி,

கடிதத்தின் பெரும்பகுதி நிறத்தைப் பற்றி இருக்கிறது. தண்ணீரைப் பற்றி ஒரே ஒரு வரி. நான் அந்த ஒரு வரியில்தான் முதலில் நின்றேன். வாகன மதிப்பீடும் இன்சூரன்ஸ் சர்வேயும் என் தொழில். உங்கள் காரை இன்று என்னிடம் கொண்டுவந்தால் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் டிரைவர் சீட்டுக்கு அடியில் கார்பெட்டைத் தூக்கிப் பார்ப்பேன். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் உங்களை உறுத்துகிற அந்த எழுபத்தைந்தாயிரத்துக்கு வருவோம்.

75,000 ரூபாய் வித்தியாசம் எங்கிருந்து வந்தது

நீங்கள் ஒப்பிட்டது இரண்டு வேறு விலைகளை. உங்களிடம் சொன்னது கடைக்காரர் வாங்கும் விலை. வெள்ளைக் காரின் கண்ணாடியில் எழுதியிருந்தது அவர் விற்க நினைக்கும் விலை, அதுவும் பேரம் பேசுவதற்கு முந்தைய விலை. நடுவில் கடை வாடகை, வண்டி நிற்கும் நாட்களுக்கான வட்டி, டயர், பேட்டரி, பாலிஷ் செலவு, புரோக்கர் கமிஷன், அவருடைய லாபம் எல்லாம் இருக்கின்றன. ஜிஎஸ்டி பதிவுள்ள வியாபாரி என்றால் அந்த லாபத்தின் மேல் 18 சதவீதம் வரியும் கட்ட வேண்டும். அந்த வெள்ளைக் காரை அதன் ஓனரிடமிருந்து அவர் 4,30,000, மிஞ்சிப்போனால் 4,40,000-க்கு எடுத்திருப்பார் என்பது என் கணிப்பு. அப்படியானால் உங்கள் காருக்கும் அதற்கும் உண்மையான வித்தியாசம் இருபது முப்பதாயிரம்தான்.

போன வருஷத் தொடக்கத்தில் விற்ற சக ஆசிரியைக்கு நல்ல விலை கிடைத்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. புதுக் காரின் விலை இறங்கினால் பழைய காரின் விலையும் கூடவே இறங்கும். அவர் விற்றது அதற்கு முன்பு. அந்த விலையை மனதில் வைத்துக்கொண்டு வருத்தப்படாதீர்கள்.

மீதமிருக்கும் இருபது முப்பதாயிரத்தில் நிறத்தின் பங்கு இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. இந்தியாவில் விற்கும் புதுக் கார்களில் பத்துக்கு ஏறக்குறைய நான்கு வெள்ளை. கடைக்காரருக்கு வெள்ளை என்றால் கவலை இல்லை. யார் வந்தாலும் காட்டலாம், யாரும் நிறத்துக்காக வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆரஞ்சு காரை வைத்துக்கொண்டு, அது பிடித்த ஒருவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். பத்து பேர் பார்த்தால் ஏழு பேர் வேறு நிறம் இருக்கிறதா என்று கேட்பார்கள், இரண்டு பேர் யோசிப்பார்கள், ஒருவர் இதுதான் வேண்டும் என்பார். அந்த ஒருவர் முதல் வாரமே வரலாம், இரண்டு மாதம் கழித்தும் வரலாம். நிறம் முதலில் சாப்பிடுவது நாட்களை. அந்த நாட்களின் செலவைத்தான் கடைக்காரர் உங்கள் விலையில் கழிக்கிறார். உங்களுடையதைப் போன்ற சின்ன காருக்கு அது பத்து, பதினைந்தாயிரத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை. இதே ஆரஞ்சு ஒரு பெரிய செடான் காரில் இருந்திருந்தால் நானே வேறு மாதிரி எழுதியிருப்பேன். ஸ்விஃப்டில் அது கம்பெனியே விளம்பரத்தில் காட்டிய நிறம். முதல் கார் வாங்கும் இளைஞர்களிடம் அதற்கு ஆள் உண்டு.

அப்படியென்றால் கடைக்காரர் ஏன் நிறத்தை மட்டும் சொன்னார்? கதவுகளைப் பற்றிச் சொன்னால் நீங்கள் பட்டறை பில்லைக் காட்டி வாதாடுவீர்கள். தண்ணீரைப் பற்றிச் சொன்னால் கோபப்படுவீர்கள். நிறத்துக்கு நீங்கள் என்ன பதில் சொல்ல முடியும்? கார் ஆரஞ்சாக இருப்பது எல்லோருக்கும் தெரிகிறது. அதனால் பேரத்தில் அது மிகவும் வசதியான காரணம். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. மூன்று காரணங்களில் சொல்வதற்கு எளிதான ஒன்றைச் சொல்லியிருக்கிறார்.

மகள் காட்டிய ஆய்வு எனக்கும் தெரியும். ஐசீகார்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் அவ்வப்போது வெளியிடுவது. 2025-ல் வந்ததில், மூன்று வருஷத்தில் மஞ்சள் கார்கள் 24 சதவீதமும் ஆரஞ்சு கார்கள் 24.4 சதவீதமும்தான் மதிப்பு இழந்திருந்தன. வெள்ளை 32.1 சதவீதம், தங்க நிறம் 34.4 சதவீதம். கணக்கில் தவறில்லை, ஆனால் அது அவர்கள் ஊர்ச் சந்தை. அங்கே மஞ்சளும் ஆரஞ்சும் ஸ்போர்ட்ஸ் கார்களிலும் காட்டுப்பாதை வண்டிகளிலும் அதிகம். குறைவாகத் தயாராவதால் அந்த வண்டிகளுக்கே மதிப்பு நிற்கிறது. மடிப்பாக்கம் ஸ்விஃப்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஆனாலும் மகள் அதிலிருந்து ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறாள். அரிய நிறத்துக்கு வாங்குபவர்கள் குறைவு என்றாலும், தேடி வருபவர் அதிகம் பேரம் பேச மாட்டார். அவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் உங்கள் வேலை.

வெள்ளை அடித்தால் என்ன ஆகும்

தம்பியின் அக்கறை புரிகிறது. ஆனால் இந்த யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். உங்கள் காரிடம் இருக்கிற பெரிய சொத்தே, அந்த இரண்டு கதவுகளைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் கம்பெனி பெயின்ட் அப்படியே இருப்பதுதான்.

தொழிற்சாலையில் சீட், ஒயர், ரப்பர் எதுவும் பொருத்துவதற்கு முன் வெறும் கூட்டை மட்டும் பெயின்ட் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, துருப்பிடிக்காத முதல் பூச்சை ஏற்றுகிறார்கள். பிறகு அடுத்தடுத்த பூச்சுகள், கடைசியில் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பளபளப்புப் பூச்சு. எல்லாவற்றையும் நூறு டிகிரிக்கு மேல் உள்ள சூளையில் சுடுகிறார்கள். ஓடுகிற காரை அந்தச் சூட்டில் வைக்க முடியாது, பிளாஸ்டிக்கும் ஒயரும் உருகிவிடும். நல்ல பட்டறையின் பெயின்ட் அறையிலேயே அறுபது எண்பது டிகிரிதான். உங்கள் தம்பி சொல்கிற பட்டறையில் அந்த அறையாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். எவ்வளவு கைதேர்ந்த பெயின்டராக இருந்தாலும் கம்பெனிப் பூச்சைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

இதை வாங்குபவர் கண்டுபிடிக்க மாட்டார் என்று நினைக்காதீர்கள். என் சட்டைப் பையில் எப்போதும் பெயின்ட் தடிமனை அளக்கும் சின்னக் கருவி இருக்கும். கம்பெனி பெயின்ட் என்றால் பொதுவாக நூறிலிருந்து நூற்றைம்பது மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) காட்டும். மேலே இன்னொரு தடவை அடித்திருந்தால் இருநூறைத் தாண்டும். அடியில் பட்டி பூசியிருந்தால் ஐந்நூறு, ஆயிரம் என்று ஏறும். இப்போது பழைய கார் கம்பெனிகளின் ஆட்கள் எல்லோரும் அதை வைத்திருக்கிறார்கள். கருவியே தேவையில்லாத இடங்களும் உண்டு. 38,000 ரூபாய்க்கு அடிப்பவர் கதவைக் கழற்ற மாட்டார், பானெட்டுக்கு அடியில் அடிக்க மாட்டார், ஸ்டெப்னி வைக்கும் குழிக்குள் போக மாட்டார். பெட்ரோல் மூடியைத் திறந்தால் உள்ளே ஆரஞ்சு தெரியும். கதவைத் திறந்தால் கீல் பக்கம் ஆரஞ்சு. அதையெல்லாம் பிரித்து முறையாக நிறம் மாற்ற வேண்டும் என்றால் செலவு இரண்டு மடங்காகும்.

சில வருஷங்களுக்கு முன் மெரூன் நிறக் காரை வெள்ளையாக்கிய ஒருவர் மதிப்பீட்டுக்கு வந்தார். ஓய்வுபெற்ற மனிதர், நல்லவர். விபத்தே நடக்காத வண்டி அது, நான் அடிச்சட்டம் வரை பார்த்தேன். ஆனால் வாங்க வந்த ஒவ்வொருவரும் பானெட்டைத் திறந்து மெரூனைப் பார்த்ததும் பெரிய ஆக்சிடென்ட் வண்டி என்று முடிவு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் எழுதிக் கொடுத்த அறிக்கையைக்கூட அவர்கள் நம்பவில்லை. அவர் பெயின்டுக்கும் செலவழித்து, மெரூனாக இருந்தால் கிடைத்திருக்கும் விலையைவிடக் குறைவாக விற்றார். முழு வண்டிக்கும் பெயின்ட் அடித்தவர் எதையோ மறைக்கிறார் என்றுதான் சந்தை நினைக்கும். அந்தச் சந்தேகத்தோடு ஒப்பிட்டால் ஆரஞ்சு ஒரு குறையே இல்லை.

இடது பக்கக் கதவுகள் வேறு விஷயம். ஆரஞ்சு போன்ற மினுமினுப்பு நிறங்களைப் பொருத்துவது கடினம். நிழலில் ஒரே மாதிரி தெரியும், வெயிலில் கொண்டுவந்தால் ஒரு கதவு செங்கல் நிறமாகவும் பக்கத்தில் இருப்பது கமலா ஆரஞ்சு மாதிரியும் நிற்கும். உங்கள் காரில் அப்படித் தெரிகிறதா என்று காலை வெயிலில் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். நன்றாகவே தெரிந்தால், அந்த இரண்டு கதவுகளை மட்டும், காரில் ஒட்டியிருக்கும் பெயின்ட் கோடைப் பார்த்துக் கலக்கும் நல்ல பட்டறையில் கொடுத்துச் சரிசெய்யலாம். லேசாகத்தான் தெரிகிறது என்றால் விட்டுவிடுங்கள். பம்பரின் நிறம் கொஞ்சம் வேறுபட்டால் பயப்பட வேண்டாம். அது பிளாஸ்டிக், புது வண்டியிலேயே சற்று வேறாகத் தெரியும்.

ஆர்சியில் யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வி

எல்லோரும் பார்க்கிறார்கள். ஆர்சியில் எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பரோடு நிறமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரம் மாறும்படி வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றியது. நிறம் மாற்றுவது குற்றமில்லை. ஆனால் அதற்கு உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து, மாற்றிய பின் வண்டியைக் காட்டி, ஆர்சியில் பதிவு செய்ய வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். ராணுவத்துக்குரிய ஆலிவ் பச்சையைத் தனியார் வண்டிக்கு அடிக்கவே கூடாது என்று 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதி சொல்கிறது.

பதிவு செய்யாமல் ஆரஞ்சு ஆர்சியோடு வெள்ளை காரை ஓட்டினால், சோதனையில் நிறுத்தும் போலீஸ்காரருக்கு முதலில் தோன்றுவது திருட்டு வண்டியோ என்ற சந்தேகம்தான். விபத்து நடந்து கிளெய்ம் போட்டால் என்னைப் போன்ற சர்வேயர் தன் அறிக்கையில் அந்த முரண்பாட்டை எழுதியே ஆக வேண்டும். பெயர் மாற்றத்துக்கு வண்டியைக் காட்டச் சொன்னால் அங்கேயும் நின்றுவிடும். இந்தச் சிக்கலை வாங்குபவர் தலையில் கட்டுவது நியாயமில்லை, அவரும் அதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார்.

தண்ணீர் வந்த அந்த ஒரு வரி

2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் பழைய கார் வாங்க வருகிற யாரும் நிறத்தைக் கேட்பதற்கு முன் "தண்ணி ஏறின வண்டியா?" என்றுதான் கேட்கிறார்கள். 2023-ல் மிக்ஜாம் புயல் வந்த பிறகு அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. ஆர்சியில் வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, முடிச்சூர் என்று முகவரி இருந்தால் கேட்காமலே பார்ப்பார்கள். அதனால் உங்கள் காரின் விலையை முடிவு செய்வதில் இதற்குத்தான் பெரிய பங்கு.

"கொஞ்சம் தண்ணீர்" என்பது எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. எல்லாமே அதில்தான் இருக்கிறது. கார்பெட் நனையும் அளவு என்றால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சீட் உட்காரும் பகுதிவரை வந்திருந்தால் விஷயம் வேறு. பல கார்களில் ஏர்பேகை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி கியருக்குப் பக்கத்தில் தரையோடுதான் இருக்கிறது. கார்பெட்டுக்கு அடியில் ஒயர்கள் ஓடுகின்றன. அவற்றின் இணைப்புகளில் உப்புப் பூத்தால் ஒரு வருஷம், இரண்டு வருஷம் கழித்துத்தான் கோளாறு தெரியும். வெயிலில் சீட்டைக் காய வைத்ததோடு அது முடிந்துவிடாது.

உங்களால் பார்க்க முடிந்த சில இடங்கள் இருக்கின்றன. முன்சீட் ஓடுகிற தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா? சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கறைக் கோடு தெரிகிறதா? ஸ்டெப்னிக் குழியில் வண்டல் இருக்கிறதா? சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும், அணையவே இல்லை என்றாலும் சந்தேகப்பட வேண்டும். இதை நான் விலைக்காக மட்டும் சொல்லவில்லை. விற்கும்வரை அந்தக் காரில் போகப்போவது நீங்களும் பிள்ளைகளும்தான்.

வாங்குபவரிடம் இதைச் சொல்ல வேண்டுமா? சொல்லுங்கள். தெரிந்த குறையை வேண்டுமென்றே மறைத்து விற்பதை இந்திய ஒப்பந்தச் சட்டம் மோசடியின் கீழ் வைக்கிறது. வாங்கியவர் அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 2023 டிசம்பரில் கார்பெட் நனைந்தது, இதோ சர்வீஸ் பில், அதன்பின் இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் கோளாறில்லாமல் ஓடியிருக்கிறது, இதோ பரிசோதனை அறிக்கை என்று நீங்களாகவே காட்டினால், வந்தவர் பாதி நிம்மதி அடைவார். அவரே கார்பெட்டைத் தூக்கிக் கண்டுபிடித்தால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார். கிலோமீட்டரைக்கூடச் சந்தேகப்படுவார்.

இப்போது என்ன செய்யலாம்

முதலில் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலோ ஒரு தனி மதிப்பீட்டாளரிடமோ வண்டியை முழுமையாகப் பரிசோதித்து அறிக்கை வாங்குங்கள். சர்வீஸ் விவரம் முழுவதையும் அச்செடுத்துக் கேளுங்கள். 2021-ல் கதவு அடித்த பில் இருந்தால் அதையும் கோப்பில் வையுங்கள். கதவு உரசியதற்கான பில், பெரிய விபத்து இல்லை என்பதற்கும் சாட்சி.

பெயின்டுக்கு ஒதுக்கிய 38,000-ல் சில ஆயிரத்தை மட்டும் எடுத்து, ரப்பிங் பாலிஷும் உள்பக்கச் சுத்தமும் செய்யுங்கள். கூரையையும் பானெட்டையும் நன்றாகப் பாருங்கள், வெயிலில் கிளியர் கோட் முதலில் போவது அங்கேதான். சிவப்பு, ஆரஞ்சு வகை நிறங்கள் வெளுத்தால் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும், பளபளப்பாக இருந்தால் அதே அளவுக்குக் கண்ணைப் பிடிக்கும். காலை ஏழு மணி வெளிச்சத்தில் படம் எடுங்கள். கடைகளில் ஒன்றிரண்டோடு நிறுத்தாமல் நான்கைந்து இடத்தில் விலை கேளுங்கள். கூடவே நேரடியாக விற்கவும் முயற்சி செய்யுங்கள். உங்களிடம் காத்திருக்கச் செலவு எதுவும் இல்லை, கடைக்காரரிடம் இருக்கிறது. ஆரஞ்சு காருக்கு நேரடி விற்பனை பொருந்துவது அதனால்தான். கல்லூரிக் கட்டணத்துக்கு இன்னும் ஆறேழு வாரம் இருப்பதாகச் சொல்கிறீர்கள். நான்கு வாரம் நேரடியாக முயன்று பாருங்கள். பரிசோதனை அறிக்கை நன்றாக வந்தால் 4,40,000-லிருந்து பேச்சைத் தொடங்கலாம், 4,20,000-க்குக் கீழே இறங்க வேண்டாம். ஆள் வரவில்லை என்றால் கடைக்காரரின் விலையை ஏற்பதில் தவறில்லை. பிள்ளையின் கட்டணத்துக்கு வட்டிக்கு வாங்குவதைவிட அது மேல்.

பாலிசியில் எழுதியிருக்கும் ஐடிவி தொகையை விலையாக எண்ணிக் குழம்பியிருக்கிறீர்கள். அது கார் திருடுபோனாலோ முழுவதும் நாசமானாலோ இன்சூரன்ஸ் கம்பெனி கணக்கில் எடுத்துக்கொள்ளும் தொகை. வயதை வைத்துப் போடுவது. ஐந்து வருஷம் தாண்டிய காருக்கு நீங்களும் கம்பெனியும் பேசி வைத்துக்கொள்ளும் எண். நிறத்துக்கு அதில் இடமே இல்லை. அதே பாலிசியில் நீங்கள் கவனிக்காத பணம் ஒன்று இருக்கிறது. கிளெய்ம் போடாமல் இருந்ததற்கான நோ கிளெய்ம் போனஸ், காருக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். ஐந்து வருஷம் தொடர்ந்து கிளெய்ம் இல்லையென்றால் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம்வரை தள்ளுபடி. விற்றதும் கம்பெனியிடம் அதற்கான கடிதம் வாங்கி வைத்தால் மூன்று வருஷத்துக்குள் வாங்கும் புதுக் காருக்குப் பயன்படுத்தலாம். காரோடு விட்டுவிடாதீர்கள்.

விற்கும்போது பெயர் மாற்றத்துக்கான 29, 30-ம் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பதினான்கு நாட்களுக்குள் ஆர்டிஓவுக்கு விற்பனையைத் தெரிவிப்பது உங்கள் பொறுப்பு. பெயர் மாறும்வரை சட்டத்தின் பார்வையில் ஓனர் நீங்கள்தான். அந்தக் கார் யாரையாவது இடித்தால் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவில் பெயர் உள்ளவருக்கே என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆர்டிஓ அங்கீகாரம் இல்லாத கடைக்குக் கொடுத்தாலும் இதே நிலைதான். நாள், மணி எழுதிய டெலிவரி சீட்டு, வாங்குபவரின் அடையாள அட்டை நகல் இரண்டும் இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். ஃபாஸ்டேகை அன்றே மூடுங்கள். கடன் போட்டு வாங்கிய கார் என்றால் ஆர்சியில் வங்கியின் பெயர் இன்னும் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கடனைக் கட்டி முடித்தாலும் அது தானாகப் போகாது.

அடுத்த காரின் நிறம்

உங்கள் மாமியார் கறுப்பு வேண்டாம் என்பதை நான் தள்ளிவிட மாட்டேன். சென்னையில் கறுப்பு காரை வீட்டுக்குக் கொண்டுவர யோசிக்கும் குடும்பங்கள் நிறைய. விற்கும்போது அவர்கள் எல்லோரும் உங்கள் பட்டியலிலிருந்து போய்விடுவார்கள். நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறது என்று நல்ல காரை விட்டுப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அது அவரவர் நம்பிக்கை. நிறத்துக்கு வேறு காரணமும் உண்டு. கறுப்பு நம் ஊர் வெயிலைக் குடிக்கும், துடைக்கும் துணியின் கோடுகூட அதில் தெரியும்.

வெள்ளை என்றால் எப்போதும் லாபம் என்பதும் சரியில்லை. வெள்ளை செடான் வாங்கினால், விற்கும்போது இது டி-போர்டு போட்டு டாக்சியாக ஓடிய வண்டியா என்ற கேள்வி வரும். சின்ன காரில் அந்தத் தொல்லை குறைவு. மரத்தடியில் தெருவில் நிறுத்துபவர் என்றால் சில்வரும் சாம்பலும் தூசியையும் கீறலையும் மறைக்கும். மூன்று நான்கு வருஷத்தில் மாற்றுகிறவர்கள் நிறத்தில் விற்பனையை நினைக்கலாம். பத்து வருஷம் வைத்துக்கொள்ளும் வீட்டில், கடைசியில் கழியும் பத்தாயிரத்தைப் பத்து வருஷத்தால் வகுத்துப் பாருங்கள், வருஷத்துக்கு ஆயிரம். பிடித்த நிறத்தில் போவதற்கு அது அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்களே கடிதத்தில், பள்ளி வாசலில் ஐம்பது காருக்கு நடுவில் பிள்ளைகள் "மிஸ் கார்" என்று தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே.

இந்தச் சனிக்கிழமை கணவர் வந்ததும் இருவருமாகக் கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் எந்த அளவுவரை வந்தது என்பதையும், பரிசோதனை அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் எனக்கு எழுதுங்கள். அதற்குப் பிறகு விலையைப் பற்றி இன்னும் துல்லியமாகச் சொல்ல முடியும். பட்டறைக்கு முன்பணம் எதுவும் கொடுத்திருந்தால் தம்பியை இன்றே திரும்பக் கேட்கச் சொல்லுங்கள்.